சான் ஹுவானில் துணி வாங்கும் முன் அதன் ஓரத்தைப் பாருங்கள்

குவாத்தமாலாவின் அதித்லான் ஏரிக்குப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், குறிப்பாக அங்கே கைத்தறித் துணி வாங்க நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன பிப்ரவரியில் நானும் அக்காவும் ஏரிக்கரையில் இருக்கும் சான் ஹுவான் லா லகூனா என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தோம். மாயா மக்களில் த்சூதுஹில் மொழி பேசுகிறவர்களின் ஊர் அது. இடுப்புத் தறி நெசவுக்கும் இயற்கைச் சாயத்துக்கும் பேர்போனது. அங்கே ஒரே கடையில் 1,400 கெத்சாலைப் பறிகொடுத்தோம், கிட்டத்தட்ட 180 டாலர். பணம் போனது ஒரு பக்கம். எந்தப் பெண்களின் உழைப்பைச் சொல்லி எங்களிடம் விற்றார்களோ, அந்தப் பெண்களுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

முதல் ஏமாற்று பனஹாச்செல் படகுத்துறையிலேயே நடந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் பனஹாச்செலில் இறங்கி, அங்கிருந்து லாஞ்சா என்று சொல்லும் மோட்டார் படகில் மற்ற ஊர்களுக்குப் போவார்கள். சான் ஹுவானுக்கும் சான் பெத்ரோவுக்கும் போகும் படகுகள் த்சான்ஹுயூ துறையிலிருந்து கிளம்புகின்றன. சான்தியாகோவுக்குத் துறை வேறு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. பையைக் கீழே வைப்பதற்குள் ஒருவர் ஓடி வந்தார். ஷோகோமில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, பொதுப் படகு இனி கிடையாது, தனிப் படகுதான், 300 கெத்சால் என்றார். ஷோகோமில் என்பது அந்த ஏரியில் மதியத்துக்கு மேல் வீசும் பலத்த காற்று. காற்று உண்மை, அலையும் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் நம்பிவிட்டோம். நாங்கள் ஏறிய படகு கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பொதுப் படகு எங்களைத் தாண்டிப் போனது. படகு நிரம்பும்வரை காத்திருந்தால் போதும், அதில் ஆளுக்கு ஒரு சிறு தொகைதான்.

சரி, அதை விடுங்கள். சான் ஹுவான் துறையில் இறங்கியதும் வரிசையாக துக்-துக் நிற்கும். எல்லாம் நமக்குப் பழகிய அதே பஜாஜ் ஆட்டோதான், அந்த நாடு முழுக்க அதுதான் ஓடுகிறது. ஓர் இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வெறும் 20 கெத்சாலுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், சுவர் ஓவியம், தேன் பண்ணை, மூலிகைத் தோட்டம், கடைசியில் பெண்கள் நெசவுக் கூட்டுறவு என்றார். கட்டணம் ஏன் இவ்வளவு குறைவு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். முதல் மூன்று இடங்களிலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவிடவில்லை. நான்காவது இடத்தில் மட்டும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்தார்கள்.

அங்கே காட்டிய சாய வேலையில் பொய் எதுவும் இல்லை. ஏமாந்தது எப்படி என்று புரிய அதைச் சொல்லியாக வேண்டும். சப்பாத்திக்கள்ளியில் வளரும் கோச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ரத்தச் சிவப்பாக வரும். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஆரஞ்சு, சாம்பல் கலந்தால் ஊதா. நீலத்துக்கு அவுரி. மஞ்சளும் ஆரஞ்சும் அச்சியோத்தே விதையிலிருந்து. சாயம் நூலில் நிற்க வாழைத்தண்டுச் சாறு. இஷ்காக்கோ என்று ஒரு பருத்தி உண்டு, செடியிலேயே பழுப்பாகக் காய்க்கும், அதற்குச் சாயமே வேண்டாம். இதையெல்லாம் கண்முன்னே பார்த்த பிறகு, பக்கத்து அலமாரியில் மடித்து வைத்திருப்பதும் அப்படிச் செய்ததுதான் என்று மனது தானாகவே சேர்த்துக்கொள்கிறது. அவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான்.

நாங்கள் எடுத்தது ஒரு மேசை விரிப்பு. ஐந்தடி அகலம், ஏழடி நீளம், கருநீலத்தில் சிவப்புக் கோடுகள். கடைக்காரர் தன் அம்மா இடுப்புத் தறியில் மூன்று மாதம் உட்கார்ந்து நெய்தது என்றார். 1,800 சொல்லி 1,400க்கு வந்தார். கார்டு வாங்க மாட்டோம், பணமாகத்தான் வேண்டும் என்றார். பில் கேட்டதற்கு மெஷின் பழுது என்றார். துக்-துக் இளைஞரே எங்களை ஏடிஎம்முக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் காலையில் துறைக்கு நடந்தே இறங்கினோம். வழியில் ஒரு வீட்டு முற்றத்தில் வயதான அம்மா ஒருவர் நெய்துகொண்டிருந்தார். தறியின் ஒரு முனை தூணில் கட்டியிருந்தது, மறுமுனை அவர் இடுப்பைச் சுற்றிய வாரில். முன்னால் சாய்ந்தால் பாவு தளரும், பின்னால் சாய்ந்தால் இறுகும். அவர் உடம்பே தறியின் பாதி. அக்காவுக்கு ஸ்பானிஷ் வரும். பேச்சுக் கொடுத்துவிட்டு, பெருமையாக எங்கள் விரிப்பை எடுத்துக் காட்டினாள்.

அவர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தை மட்டும் விரலால் தடவினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தறியில் நெய்ததுதான். ஆனால் இடுப்பில் கட்டி நெய்ததில்லை, மகளே" என்றார்.

அக்கா முகம் மாறிவிட்டது. அவர் கடைக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் தப்பாகச் சொல்லவில்லை. தன் தறியை இரண்டு கையாலும் அளந்து காட்டினார், அவ்வளவுதான். உட்கார்ந்தபடி கை எட்டும் தூரம்தான் இடுப்புத் தறியின் அகலம், ஒன்றரை அடி, இரண்டடி. அதைவிட அகலமான துணி வேண்டுமென்றால் இரண்டு மூன்று பட்டையாக நெய்து சேர்த்துத் தைக்க வேண்டும். அவர் உடுத்தியிருந்த வீப்பிலிலும், அதாவது மேலாடையிலும், அந்தத் தையல் இருந்தது. அதை மறைப்பதில்லை, பூவேலை செய்து அழகாகவே காட்டுகிறார்கள். எங்கள் விரிப்போ ஐந்தடி அகலத்துக்கு ஒரே துணி, நடுவில் இணைப்பே இல்லை. அப்புறம் மேலும் கீழும் உள்ள ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். வெட்டி மடித்து மெஷினில் அடித்திருந்தது. இடுப்புத் தறியில் முழுதாக நெய்து முடித்த துணிக்கு நான்கு பக்கமும் நெசவே கரையாக நிற்கும், எங்கும் கத்திரி படாது. குஞ்சம் விட்ட சால்வைகளில் மட்டும் முனை வேறு மாதிரி இருக்கும், அங்கே பக்கவாட்டுக் கரையைத்தான் பார்க்க வேண்டும்.

அவருடைய மருமகள் உள்ளேயிருந்து தீப்பெட்டி கொண்டுவந்தார். எங்கள் விரிப்பிலிருந்து ஒரு சிவப்பு இழையை உருவிக் கொளுத்தினார். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். எங்களுடையது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக இறுகியது. அக்ரிலிக். "ஏண்டி, அந்த ஓரத்தை நேற்று நாம் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதுமே" என்றாள் அக்கா.

திரும்பக் கடைக்கு ஏறிப் போனோம். முந்தின நாள் அவ்வளவு அன்பாகப் பேசியவர், நான் இடுப்புத் தறி என்று சொல்லவே இல்லை, கைத்தறி என்றுதான் சொன்னேன் என்றார். குவாத்தமாலாவில் கடைகள் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது நுகர்வோர் சட்டம், தியாகோ என்ற அரசு அலுவலகம் அதைக் கவனிக்கிறது. அதைக் கேட்டதும் கடையைச் சாத்த ஆரம்பித்துவிட்டார். கையில் பில்லும் இல்லை. துறையில் வேறொரு துக்-துக் ஓட்டுநர்தான் விஷயத்தைச் சொன்னார்: ஆளைக் கொண்டுபோய் விடுகிறவருக்கு விற்பனையில் ஒரு பங்கு உண்டாம். 20 கெத்சாலுக்கு ஊர் சுற்றிக் காட்டியது அதற்காகத்தான். சுற்றுலாப் பயணிகளுக்கு உதவும் ப்ரோஅத்தூரின் 1500 எண்ணுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பணம் வரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அக்ரிலிக் நூலில் நெய்வது குற்றமில்லை. விலை குறைவு, நிறம் பளிச்சென்று இருக்கும், மாயா பெண்கள் பலரே தங்கள் உடுப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். காலால் மிதித்து நெய்யும் தறியும் ஸ்பானியர் காலத்திலிருந்து அங்கே இருக்கிறது, அதில் நல்ல துணி வருகிறது. அதை அப்படியே சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் நாங்கள் சந்தோஷமாக வாங்கியிருப்போம். சில நாளில் முடிகிற துணிக்கு ஒரு தாயின் மூன்று மாதத்தைக் கதையாகச் சேர்த்து விற்பதுதான் அநியாயம். உண்மையாகவே மாதக்கணக்கில் நெய்கிறவர் தன் விலையைச் சொன்னால், "பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று பயணிகள் பேரம் பேசுகிறார்கள். முந்தின நாள் அந்த அம்மாவின் முற்றத்துக்குப் போயிருந்தால் நாங்களும் அப்படித்தான் கேட்டிருப்போம். அந்த நாட்டு நெசவுப் பெண்கள் தங்கள் வடிவங்களைக் கூட்டுச் சொத்தாகக் காக்கச் சட்டம் வேண்டும் என்று 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். அது ஏன் என்று அந்த முற்றத்தில் உட்கார்ந்தபோது எனக்குப் புரிந்தது.

ஆகவே போகிறவர்கள் துறையிலிருந்து ஊருக்குள் நடந்தே ஏறுங்கள், ஏற்றம்தான், ஆனால் தூரமில்லை. கடையை ஓட்டுநர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். பிடித்த துணியை நெய்தவர் யார், எத்தனை நாள் ஆனது, எந்த நூல், எந்தச் சாயம் என்று கேளுங்கள். உண்மையான கூட்டுறவுகள் சிலவற்றில் துணியோடு நெய்தவர் பெயர்ச் சீட்டே இருந்ததைப் பார்த்தோம், கேட்டால் அவரையே கூப்பிடுகிறார்கள். பில் தராத இடத்தில் பெரிய தொகைக்கு வாங்க வேண்டாம்.

இந்த மாதங்களில் போகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அந்தக் கடை எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்று வழி சொல்கிறேன். விரிப்பின் ஓரத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் அனுப்புகிறேன்.