கல்லடியில் எழுதிய கலியாண டிவிடி

தங்கையின் கலியாணத்தை முழு எச்டியில் படம்பிடித்த கல்லடி ஸ்டூடியோ ஒன்று, மூன்று மணி நேரப் பதிவை 4.7 ஜிபி கொள்ளும் ஒரே டிவிடியில் அடக்கித் தந்தபோது, கூறைச் சேலையின் சரிகை கட்டங்கட்டமாகச் சிதறித் தெரிந்தது, ஒரு வினாடிக் காட்சிக்கு 3.5 மெகாபிட் தரவுகூடக் கிடைக்காதபோது வேறென்ன நடக்கும்? முறையிட்டதும் முகஞ்சுளிக்காமல், அந்த டிவிடியை மறுபடி சுருக்காமல், எடிட் செய்த மூலக் கோப்பிலிருந்தே இரண்டு தட்டுகளாகப் பிரித்து, ஏறத்தாழ இரட்டிப்புத் தரவு வீதத்தில் எழுதித் தந்தார்கள். இப்போது குத்துவிளக்கின் சுடர்கூடக் கலங்காமல் நிற்கிறது. பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியின் 720×576 புள்ளிகளுக்கு மேல் எதிர்பார்ப்பது நம் பேராசைதான். ஆனால், மூலக் கோப்பைப் பென்டிரைவில் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.