நாசரேத் கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டை கேக்: 20,250 ரூபாய்க் கணக்கு

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் நடந்த தங்கச்சி கல்யாணத்துக்குக் கேக் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம், ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த அக்கா கல்யாணம். அப்போது ஒரு பேக்கரியில், "5,000 அட்வான்ஸ் குடுங்க, மீதியை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. கல்யாணத்தன்று மண்டப வாசலில் வந்து நின்றுகொண்டு, வண்டி வாடகை 1,200 தனி, கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா சட்டைப் பையிலிருந்து எண்ணி எண்ணிக் கொடுத்தார். அவர் அன்றைக்கு அப்படி நின்றதை நான் மறக்கவே இல்லை.

அதனால் இந்த முறை ருசியை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று கிளம்பினேன். போன நவம்பரில் மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒரு கடையில் கிலோ விலைக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கேக்குக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டதே என்று கேட்டேன்; பழைய பில் புத்தகம் என்றார்கள். இன்னொரு கடையில் எதைக் கேட்டாலும் "எல்லாம் சேத்து 22,000" என்ற ஒரே பதில்தான். மூன்றாவதாகப் போனது பாளையங்கோட்டையில் வீட்டிலேயே கேக் செய்து தரும் ஒரு அக்காவிடம். கைக்கு மீறி ஆர்டர் வந்துவிடும், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எத்தன பேருக்கு? அதுல எத்தன பேருக்குக் கேக்?" மேடையில் வெட்டுகிற கேக் வேறு, வந்தவர்களுக்குக் கவரில் போட்டுக் கொடுக்கிற கேக் வேறு, இரண்டையும் சேர்த்து விலை சொன்னால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் கட்டாது என்றார். உட்கார்ந்து எங்கள் கண் முன்னாலேயே எழுதினார்.

மேடைக் கேக் மூன்று ஸ்டெப். அடி ஸ்டெப் தெர்மாகோல்தான். மேலே ஐசிங் பூசி அலங்கரிக்க 1,500. மேல் இரண்டும் நிஜக் கேக், 4 கிலோ, பட்டர் கிரீமோடு கிலோ 1,200 வீதம் 4,800. சர்க்கரையில் கையால் செய்யும் பூக்களுக்கு 1,800. விருந்தினருக்கு 50 கிராம் வீதம் 300 துண்டு பிளம் கேக்: 15 கிலோ, கிலோ 650, ஆக 9,750. இதுவரை 17,850. அடி ஸ்டெப்பையும் நிஜக் கேக்காகவே கேட்கத்தான் எனக்கு ஆசை. "மேடையில அது கேக்கா தெர்மாகோலான்னு யாருக்கும் தெரியாது தம்பி, அந்தக் காசுக்கு இன்னும் அம்பது பேருக்குத் துண்டு போடலாம்" என்று அவர்தான் தடுத்தார். தனக்கு வரவேண்டிய ஆர்டரைத் தானே குறைத்தவரை நம்பாமல் இருக்க முடியுமா?

டெலிவரியில்தான் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்ரீவைகுண்டம் வழியாக நாசரேத்துக்கு 40 கிலோமீட்டர். போக வர 80, கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வீதம் 1,600. அங்கே அடுக்கி நிறுத்தும் கூலி 800. "நம்ம கார்லயே தூக்கிட்டு வந்துரலாமே" என்றார் அப்பா. கேக் அக்கா கோபப்படவில்லை. தாராளமாக எடுத்துப் போகலாம், ஆனால் வீட்டு வாசலைத் தாண்டியதும் பொறுப்பு உங்களுடையது என்று ஆர்டர் சீட்டிலேயே அச்சடித்திருப்பதைக் காட்டினார். அப்புறம் விளக்கினார். கார் சீட் பின்பக்கம் சாய்வானது, அதில் வைத்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் கேக் நகரும். சமமான தரையில், வழுக்காத விரிப்பின் மேல் வைக்க வேண்டும். மூன்று ஸ்டெப்பையும் அடுக்கிய நிலையில் கொண்டு போகக் கூடாது, தனித்தனிப் பெட்டியில் ஏசி ஓட விட்டுக் கொண்டு போய், மண்டபத்தில் உள்ளே குச்சி இறக்கி நிறுத்த வேண்டும். பட்டர் கிரீம் நம் ஊர் வெயிலுக்கு, பிப்ரவரியானாலும், அரை மணி நேரத்தில் இளக ஆரம்பித்துவிடும். இதைக் கேட்டதும் அப்பாவே "சரிம்மா, நீங்களே கொண்டு வந்துருங்க" என்றார்.

ஆக மொத்தம் 20,250. இதைக் கட்டும் முறையையும் எழுதிக் கொடுத்தார்: தேதி பிடிக்க 3,000, கல்யாணத்துக்கு 14 நாள் முன்னால் 9,000, இரண்டு நாள் முன்னால் மீதி 8,250. கல்யாணத்தன்று யார் கையிலும் பணம் கேட்க மாட்டார். நான் இவரிடம் ஆர்டர் கொடுத்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

முதல் 3,000 திரும்ப வராது. ஏன் என்று கேட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலத்தில் எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஆர்டர்கள் குவியும். ஒரு நாளுக்கு இரண்டு கல்யாணம்தான் அவரால் முடியும். எங்களுக்காக ஒரு நாளை ஒதுக்கினால் இன்னொரு வீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதோடு பிளம் கேக்குக்கான பழங்களை 45 நாள் முன்பே திராட்சைச் சாற்றில் ஊறப் போட்டுவிடுகிறார். பெயர் எழுதி ஒட்டிய ஜாடிகளைத் திறந்தே காட்டினார். ஒரு மாதத்துக்கு முன்னால் சொன்னால் ஒரு முறை தேதியை மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் துக்கம் நேர்ந்து கல்யாணம் தள்ளிப்போனால், வாங்கிய சாமான் செலவு போக மீதியைத் தந்துவிடுவார். இவ்வளவும் ஒரே பக்கத்தில், அவருடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணோடு இருந்தது. கேக் ஸ்டாண்டுக்கும் கத்திக்கும் டெபாசிட் 1,500 தனி.

கல்யாணத்தன்று காலை எட்டரைக்கே வந்துவிட்டார். மண்டபச் சாவி எங்கள் பக்கத்தில்தான் தாமதமானது. ஒரு மணி நேரம் ஏசியை ஓடவிட்டுக் காரிலேயே காத்திருந்தார். கேக் நேராக நின்றது, பூ ஒன்றுகூட உதிரவில்லை. பிளம் கேக் ஈரப்பதமாக, கிராம்பு வாசனை தூக்கலாக இருந்தது. எனக்கு இனிப்பு ஒரு பொடி அதிகம். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது.

ஒரே ஒரு குறை. ருசி பார்க்க மூன்று வகை மாதிரிக்கு 300 ரூபாய் வாங்கினார். ஆர்டர் கொடுக்காதவர்களிடம் வாங்குவது நியாயம்தான். ஆர்டர் கொடுத்த பிறகு அதைக் கழித்திருக்கலாம். நேரிலும் சொன்னேன், யோசிக்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள் ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அரை மணிக்கு மேல் காத்திருந்தால் 200 என்று சீட்டில் இருந்ததால் அதைக் கழித்துக்கொண்டு, மீதி 1,300 ரூபாயை நான் பஸ் ஸ்டாண்ட் வந்து சேர்வதற்குள் ஜிபேயில் போட்டுவிட்டார்.