அணைத்தாலும் திரும்பி வரும் செக் எஞ்சின் லைட்: எந்தக் கருவிக்குப் பிடிபடும்?

செக் எஞ்சின் லைட் முதல் முறை எரியும்போது, கோளாறைக் குறித்து வண்டி பதிந்து வைக்கும் கோட் எண்ணைப் படித்தாலே பல நேரம் வழி தெரிந்துவிடும். அழித்துவிட்டு ஓட்டி, நாலைந்து நாளில் அதே கோட் மறுபடி வந்து நின்றால் கதை வேறு. எண் ஏற்கெனவே கையில் இருக்கிறது, காரணம்தான் இல்லை. அதனால் கருவிகளை ஒப்பிடும்போது "கோட் படிக்குமா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லாமே படிக்கும். கோளாறு நடந்த நேரத்தில் எஞ்சின் என்ன நிலையில் இருந்தது என்று எது காட்டும் என்று பாருங்கள்.

லைட் நிலையாக எரியாமல் மினுக்கினால் இந்த ஒப்பீடெல்லாம் பிறகு. மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமை, கடுமையாக இருக்கிறது; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை நாசமாக்கும். வண்டியை ஓரங்கட்டுங்கள்.

பேட்டரி ஒயரைக் கழற்றுவது

செலவில்லாத வழி, இருப்பதிலேயே மோசமான வழியும் கூட. பழைய கார்களில் கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழியும். கோட் பதிவான நொடியின் ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம், லோடு, வண்டியின் வேகம் எல்லாம் இருந்த ஒரே இடம் அது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. கற்று வைத்திருந்த ஃப்யூயல் ட்ரிம்மும், அதாவது பெட்ரோல் அளவில் அது செய்யும் சதவீதத் திருத்தமும், போய்விடும். புதிய கார்கள் பலவற்றில் கோட் அழிவதுகூட இல்லை. பவர் விண்டோவை மறுபடி செட் செய்யும் வேலை மட்டும் மிஞ்சும்.

இதைவிடப் பெரிய தொல்லை, சரியாகிவிட்டது என்ற மயக்கம். பெரும்பாலான கோளாறுகள் முதல் ஓட்டத்தில் பென்டிங் கோடாக மட்டும் பதிவாகும். அடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் லைட் எரியும். பெட்ரோல் ஆவிக் கசிவைத் தேடும் ஈவாப் சோதனை இன்னும் பிகு பண்ணும். பல கார்களில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், டேங்க்கில் எரிபொருள் ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதுவரை சோதனையே நடக்காது. ஒரு வாரம் லைட் எரியவில்லை என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

கை ரீடரா, புளூடூத் அடாப்டரா?

இரண்டுமே ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓ.பி.டி. (கோளாறு கண்டறியும்) சாக்கெட்டில்தான் செருகப்படுகின்றன. கை ரீடருக்கு ஃபோனும் வேண்டாம், இணைக்கும் தலைவலியும் இல்லை; செருகினால் சில நொடியில் கோட் வரும். ஆனால் மலிவான மாடல்களில் கோடும் 'அழி' பட்டனும் தவிர உருப்படியாக எதுவும் இருக்காது. ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டும் மாடலாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு என் ஓட்டு அடாப்டருக்கே. ஃபோன் ஆப் வழியாக ஓடும்போதே அளவுகளைப் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து வரைபடமாகப் பார்க்கலாம். பி0171 கோடை எடுத்துக்கொள்வோம். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் ஏ.சி.யை அணைத்துவிட்டு, குறுகிய கால ட்ரிம்மையும் நீண்ட கால ட்ரிம்மையும் கூட்டிக் குறியுங்கள். முதலில் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) 2 நிமிடம், பிறகு 2500 ஆர்.பி.எம்.மில் அரை நிமிடம், கடைசியாக மேட்டில் ஏறும்போது. கூட்டுத்தொகை கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

ஐடிலில் +22 சதவீதம், 2500இல் +4 என்று இறங்கினால் இன்டேக் பக்கம் வாக்குவம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று ஓட்டை வழியே உள்ளே நுழைகிறது. ஓட்டை வழியே வரும் காற்று ஐடிலில் மொத்தத்தில் பெரும் பங்கு. வேகம் கூடினால் அது கடலில் கரைத்த பெருங்காயம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பி.சி.வி. குழாயின் வளைவு, இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய் மூன்றையும் முதலில் பாருங்கள். நேர்மாறாக ஐடிலில் +3, மேட்டில் +20 என்றால் ஃப்யூயல் பம்ப், அடைத்த ஃபில்டர் அல்லது அழுக்குப் படிந்த காற்றளவு சென்சார். ஒரு எச்சரிக்கை: காற்றளவு சென்சார் இல்லாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் எஞ்சினில் இந்த விதி அப்படியே பொருந்தாது. அங்கே வாக்குவம் லீக் இருந்தால் ட்ரிம் பெரிதாக நகராமல் ஐடில் வேகம் ஏறி நிற்கலாம்.

அடாப்டரின் குறை தரத்தில்தான். இந்த அடாப்டர்களில் இருக்கும் ஈ.எல்.எம். 327 சிப்பின் நகல்கள் ஏராளம்; '1.5 பதிப்பு' என்று அச்சிட்டு விற்கிறார்கள், அசல் நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகல்கள் சில கட்டளைகளுக்குப் பதில் தராது, அளவுகளை மெதுவாகவே புதுப்பிக்கும். நான்கு அளவுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டின் 16ஆவது பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருப்பதால், நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும்.

பட்டறை ஸ்கேனர் எதற்கு?

இது கேட்பதோடு நிற்காமல் கட்டளையும் இடும். பி0442, அதாவது சிறிய ஆவிக் கசிவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது என்றால் இதன் மதிப்பு தெரியும். வெளிக்காற்று வரும் வென்ட் வால்வை மூடச் சொல்லி, ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வைத் திறந்து மூடச் சொல்லி, டேங்க் அழுத்தம் இறங்கி நிற்கிறதா என்று சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். அடாப்டரை வைத்துக்கொண்டு அடுத்த சோதனைக்குக் காத்திருந்தால் நாள்கள் போகும். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் திருத்த அளவு, புகை வடிகட்டியில் சேர்ந்த கரி, அந்தக் கரியை எரித்து அகற்றும் கட்டாய ரீஜெனரேஷன் இவற்றுக்கும் பெரும்பாலும் இதுதான் வழி.

பி0171க்கு இதைத் தேடி ஓடத் தேவையில்லை. அங்கே அதே ட்ரிம் எண்களைத்தான் இதுவும் காட்டும். முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று சொல்லும் பி0301க்கும் அப்படியே. முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதுக்கு மாற்றி ஓட்டுங்கள். கோட் பி0302 ஆனால் காயில் போய்விட்டது. முதலிலேயே நின்றால் பிளக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

மல்டிமீட்டரும் புகை இயந்திரமும்

ஸ்கேனர் எதுவானாலும் ஈ.சி.யூ. நம்புவதைத்தான் சொல்லும். பி0135 வந்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, கோட் திரும்பி வந்ததும் இன்னொன்று வாங்குபவர்கள் உண்டு. அந்தக் கோட் சொல்வது ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டுமே. ஃப்யூஸைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கனெக்டரில் பேட்டரி வோல்ட் வருகிறதா என்று மீட்டரை வையுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, சென்சாரைக் கழற்றி ஹீட்டர் ஓம் அளவைப் பாருங்கள். சில ஓம்கள் காட்டினால் இழை உயிரோடிருக்கிறது, எண்ணே வராவிட்டால்தான் அறுந்திருக்கிறது.

ஈவாப் கசிவுக்கு, குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி அது வெளிவரும் இடத்தைக் காட்டும் புகை இயந்திரத்தை மிஞ்ச ஆளில்லை. பி0442 குறிக்கும் ஓட்டை ஏறக்குறைய 1 மி.மீ., பி0456 குறிப்பது 0.5 மி.மீ.; கண்ணால் தேடுவது வீண். அழுத்தம் 1 பி.எஸ்.ஐ.க்குக் கீழேயே இருக்கட்டும், கூடினால் நல்ல சீல்களும் பிரியும். புகை விடுமுன் டேங்க் மூடியின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடிதான் காரணம் என்றால் மாற்றியவுடன் லைட் அணையாது. அந்தச் சோதனை தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் தேறிய பிறகுதான் தானாக அணையும்.

கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லும் பி0420தான் பணத்தைத் தின்னும் கோட், கன்வெர்ட்டர் விலை அப்படி. அடாப்டர் வரைபடத்தில், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பாருங்கள். சூடான எஞ்சினில் 2500 ஆர்.பி.எம்.மில் அது 0.6, 0.7 வோல்ட் பக்கம் அமைதியாக நின்றால் கன்வெர்ட்டரைக் குறை சொல்ல முடியாது. 0.1க்கும் 0.9க்கும் இடையே துள்ளினால் கன்வெர்ட்டர்மீது சந்தேகம். அப்போதும் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிகிறதா, பழைய மிஸ்ஃபயர் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஆர்டர் போடுங்கள். மிஸ்ஃபயரைத் தீர்க்காமல் போட்ட புதிய கன்வெர்ட்டருக்கும் அதே கதிதான்.

எதைச் சரிசெய்தாலும் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்த பிறகே கோடை அழியுங்கள். அடுத்த இரண்டு மூன்று ஓட்டத்தின் முடிவில் பென்டிங் கோட் பட்டியலைத் திறந்து பாருங்கள். கோளாறு தீரவில்லை என்றால் லைட் எரிவதற்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.