பழைய சம்பளம் எவ்ளோன்னு கேட்டா என்ன சொல்றது? காந்திபுரத்துல ஒரு 1,200 ரூவா கோச்சிங் பத்தி

நான் கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில அஞ்சு வருஷமா அக்கவுண்ட்ஸ் பாத்துட்டு இருந்தேங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், ஆடிட்டுக்கு ஃபைல் எடுத்துக் குடுக்கறதுன்னு எல்லாமே நான்தான். வேற வேலை தேட ஆரம்பிச்சு மூணு மாசத்துல ஏழு இன்டர்வியூ. ஏழுலயும் ஹெச்ஆர் லைனுக்கு வந்ததும் மொதக் கேள்வி "கரண்ட் சிடிசி எவ்ளோ மேடம்?" சிடிசின்னா கம்பெனி நமக்காக வருஷத்துக்குப் போடற மொத்தச் செலவு. 4.8 லட்சம்னு சொல்லுவேன், உடனே அதுமேல 15 பர்சன்ட் போட்டு 5.5ன்னு முடிச்சுருவாங்க. என்ன வேலை, எவ்ளோ பொறுப்புங்கற பேச்சே வராது. என்கூட படிச்சவ அதே வேலைக்கு 7 வாங்கறா, ராத்திரில அதை நெனச்சு நெனச்சு அழுதுருக்கேன்.

அப்பதான் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி காந்திபுரத்துல இந்தக் கோச்சிங்குக்குப் போனேன். பெரிய சென்டர் எல்லாம் இல்லீங்க, முப்பது வருஷம் ஹெச்ஆரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார் ஒரு ரூம் எடுத்து தனியா நடத்தறாரு. கூட்டமா உக்கார வைக்கறதில்ல, நீங்களும் அவரும் மட்டும்தான், ஒன்றரை மணி நேரம்.

போனதும் பேஸ்லிப்பையும் ஆஃபர் லெட்டரையும் வாங்கி மேசைல விரிச்சு வச்சுட்டு ஒரு சிவப்பு பென்சில எடுத்தாரு. "அம்மணி, இந்த 4,80,000ல உங்க சம்பளம்னு மாசாமாசம் வராத காசு எவ்ளோன்னு பாத்துருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. கம்பெனி போடற பிஎஃப் மாசம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டி, பேசிக்ல 4.81 சதவீதம், 11,544. இன்சூரன்ஸ் 8,000. வேரியபிள், அதாவது வந்தாலும் வரும் வராமலும் போகும்ங்கற காசு, 48,000, அது ரெண்டு வருஷமா ஒத்த ரூவா வரல. எல்லாத்தையும் கழிச்சா 3,90,856. அஞ்சு வருஷமா ஊர் கணக்கெல்லாம் பாக்கறவ, என் பேஸ்லிப்ப இப்படி ஒரு நாளும் பிரிச்சுப் பாத்ததில்ல.

அவர் சொல்லிக் குடுத்தது இதுதாங்க. கேட்டவுடனே நம்பர தூக்கிக் குடுக்காதீங்க, இந்த வேலைக்கு நீங்க என்ன பட்ஜெட் வச்சிருக்கீங்கன்னு மொதல்ல மரியாதையா கேளுங்க. விடாம கேட்டா ஃபிக்ஸட், அதாவது உறுதியா வர்ற காசு, இவ்ளோ, வேரியபிள் இவ்ளோன்னு பிரிச்சு உண்மையச் சொல்லுங்க, அதே மூச்சுல நான் எதிர்பாக்கறது ஃபிக்ஸட்ல இவ்ளோ, ஏன்னா இன்னின்ன வேலைய நான் தனியா செஞ்சிருக்கேன்னு சொல்லிட்டு வாய மூடிக்குங்க. கடைசி பாகம்தான் கஷ்டம். அவரே ஹெச்ஆர் மாதிரி உக்காந்து நாலு தடவை பேச வச்சாரு, மூணாவது தடவையும் நான் எல்லாம் சரியா சொல்லிட்டு கடைசில "நீங்களே பாத்து போட்டுக் குடுங்க சார்"னு சேத்துட்டேன். பென்சில கீழ வச்சுட்டாரு. "இந்த ஒரு வரிக்கு உங்களுக்கு லட்ச ரூவா போகுது அம்மணி"ன்னாரு.

பொய் மட்டும் சொல்லக்கூடாதுன்னு கறாரா சொன்னாரு. மூணு மாச பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், வரி பிடிச்சதுக்கு கம்பெனி தர்ற ஃபார்ம் 16 எல்லாம் கேப்பாங்க, யுஏஎன்னு சொல்ற பிஎஃப் நம்பர் வச்சு அந்தக் கணக்கையும் பாத்துருவாங்க, பேஸ்லிப்ப எடிட் பண்ணி மாட்டினவங்களுக்கு ஆஃபர் கேன்சல் ஆனத அவரே கண்ணால பாத்துருக்காராம். கலிஃபோர்னியால 2018 ஜனவரில இருந்து பழைய சம்பளத்த கேக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, அந்த வேலைக்கு என்ன சம்பளம்னு நாம கேட்டா அவங்க சொல்லியாகணும். நியூயார்க் சிட்டில 2017லயே தடை வந்துருச்சு. நம்ம ஊர்ல அப்படி சட்டம் இல்ல, அதனால பதிலைத்தான் நாம தயார் பண்ணிக்கணும்னாரு. இங்கயும் அந்த மாதிரி வரணும்ங்க, ஒருத்தர் ஆரம்பத்துல கம்மி சம்பளத்துல சேந்துட்டா அந்தக் கம்மி அவங்க போற எடத்துக்கெல்லாம் கூடவே வருது, பொண்ணுங்களுக்கு இது ரொம்பவே நடக்குது.

குறையும் சொல்லணும். கன்சல்டன்சி அனுப்பற ஃபார்ம்ல கரண்ட் சிடிசி கட்டாயம் போடணும்னு இருக்கும்ல, அதுக்கு அவர் சொன்னது பூஜ்யம் போட்டு விடுங்கன்னு. ரெண்டு எடத்துல போட்டேன், ரெண்டுலயும் போனே வரல. அப்புறம் நானா உண்மையான நம்பரப் போட்டு, கீழ குறிப்புல ஃபிக்ஸட் எவ்ளோ, எதிர்பாக்கறது எவ்ளோன்னு எழுதினேன், அதுக்குதான் கூப்ட்டாங்க. இன்னொன்னு, 800 ரூவா சேத்துக் குடுத்தா ரெஸ்யூம் எழுதித் தர்றாரு, அது வேண்டாம். என் ரெஸ்யூமையே எழுத்து மாத்தி திருப்பிக் குடுத்த மாதிரி இருந்துச்சு, கணக்கு எழுதற சாஃப்ட்வேர் டாலி, அந்த ஒரு வார்த்தைகூட இல்ல, ஒரு அக்கவுண்ட்ஸ் ஆளோட ரெஸ்யூம்ல.

கோச்சிங் முடிஞ்சு மூணாவது வாரம் சரவணம்பட்டில ஒரு கம்பெனி இன்டர்வியூ. அதே கேள்வி. பட்ஜெட் கேட்டேன், "கரண்ட் சொன்னாதான் மேல போக முடியும் மேடம்"னாங்க. பிரிச்சு சொன்னேன், எதிர்பாக்கறத சொன்னேன், நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டற சத்தம் மட்டும் கேக்குது, எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு, "பாத்து பண்ணுங்க"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. "6ல இருந்து 6.5 வரைக்கும் இருக்கு மேடம், பேசிட்டு சொல்றேன்"னாங்க. 6.3க்கு ஆஃபர் வந்துச்சு, அதுல ஃபிக்ஸட் 5.6. போன மாசம் சேந்துட்டேன்.

போறவங்க மூணு மாச பேஸ்லிப், ஆஃபர் லெட்டர், கடைசியா வந்த இன்க்ரிமென்ட் லெட்டர் மூணையும் பிரின்ட் எடுத்துட்டுப் போங்க, ஃபோன்ல காட்டினா அவருக்கு கண்ணு தெரியாது. சனி ஞாயிறு மட்டும்தான் இருப்பாரு, முன்னாடியே சொல்லிட்டுப் போகணும். ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, கீழ வண்டி நிறுத்த எடமும் இல்ல, பஸ்ஸுலயே போயிருங்க.