மொல்காஹெத்தே: சுட்ட தக்காளி சல்சாவுக்கு இந்தக் கல் தேவையா?

சுட்ட தக்காளியை மிக்ஸியில் போட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் வந்த கருஞ்சிவப்பு போய், நுரை கட்டி, வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று வரும். சல்சா என்னும் மெக்சிகன் தக்காளிச் சட்னி அப்படி வரக்கூடாது என்றுதான் ஹூஸ்டனில் எங்கள் பக்கத்து மெக்சிகன் மளிகைக் கடையில் மொல்காஹெத்தே வாங்கினேன். மூன்று கால் வைத்த கல் கிண்ணமும் கைக்குள் அடங்கும் குழவியும். வாய் அகலம் 8 அங்குலம், விலை 38 டாலர்.

நிஜமான மொல்காஹெத்தே பசால்ட் என்னும் எரிமலைக் கல்லில் செதுக்குவது. மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலத்து சான் லூகாஸ் எவாஞ்செலிஸ்தா, குவானஹுவாட்டோ மாநிலத்து கொமோன்ஃபோர்ட் ஆகிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை. கல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. நம் அம்மியை மாதிரி ஆள் கூப்பிட்டுக் கொத்த வேண்டியதில்லை; தேயத்தேய உள்ளே இருக்கும் ஓட்டைகள் வெளியே வந்து சொரசொரப்பு அப்படியே இருக்கும்.

சிமெண்டில் வார்த்த போலியும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். அதே கடையில், அதே தட்டில், 15 டாலருக்கு ஒன்று இருந்தது. தூக்கினால் கனமே இல்லை. குழவியால் நாலு தேய் தேய்த்ததும் சாம்பல் தூள் கொட்டியது. நல்ல கல்லும் புதிதில் கொஞ்சம் துகள் விடும்தான், ஆனால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் சேறாகக் குழையாது.

வீட்டுக்கு வந்ததும் பழக்க வேண்டும். ஒரு கைப்பிடி பச்சரிசியை அரைத்துக் கொட்டுங்கள். முதல் ஈடு சாம்பல் நிறத்தில் வரும். மாவு வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப அரைக்க வேண்டும். அப்புறம் பூண்டு, சீரகம், கல்லுப்பு சேர்த்து ஒரு முறை. ஒரு சாயங்காலம் போய்விடும், தோள்பட்டையும் போய்விடும்.

இனி சல்சா. 4 ரோமா தக்காளி, செரானோ என்கிற பச்சை மிளகாய் 2, தோல் உரிக்காத பூண்டு 2 பல். இவற்றைத் தோசைக்கல்லில் அலுமினியத் தாள் விரித்துச் சுடுங்கள். தாள் இல்லாவிட்டால் தக்காளிப் புளிப்பு, பழக்கிய இரும்புக் கல்லைக் கெடுத்துவிடும். தக்காளியில் அங்கங்கே நன்றாகக் கருக வேண்டும், பயப்படாதீர்கள். ஆர்போல் என்கிற மெலிந்த காய்ந்த மிளகாய் மூன்றைக் கடைசியில் சில நொடி மட்டும் புரட்டி எடுங்கள். கருகினால் சல்சா முழுக்கக் கசக்கும். இது எங்கள் வீட்டுக் காரம்; குழந்தைகள் இருந்தால் ஆர்போலை விட்டுவிடலாம்.

அரைப்பதில் வரிசை முக்கியம். முதலில் கல்லுப்பு, தோலுரித்த பூண்டு, ஆர்போல். இது விழுதானால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பிறகு செரானோ, கடைசியில் தக்காளி, ஒவ்வொன்றாக. மொத்தமாகப் போட்டால் சாறு சட்டையில்தான். குத்தாமல், குழவியைச் சாய்த்துச் சுற்றினால் தக்காளிச் சதை கரைந்து, கருகிய தோல் மட்டும் துணுக்குத் துணுக்காக நிற்கும். புகை வாசமெல்லாம் அந்தத் துணுக்கில்தான் இருக்கிறது. மிக்ஸி அதைத்தான் அடித்துக் காணாமல் பண்ணிவிடுகிறது. பொடியாக நறுக்கி அலசிய வெங்காயம், கொத்தமல்லி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து அப்படியே மேசையில் வைத்துவிடலாம்.

குறைகளும் உண்டு. சோப்பு போடக்கூடாது, கல் குடித்துவிடும், வெந்நீரும் நாரும்தான். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் வாடை வரும். மிளகாய்க் காரம் ஓட்டைகளில் தங்கும், அதனால் ஏலக்காய் பொடிக்கவெல்லாம் இதைத் தொடாதீர்கள். கால்கள் மேடையைக் கீறும், அடியில் மடித்த துணி போடுங்கள்.

8 அங்குலக் கல்லில் அரைப்பது நாலு பேருக்குச் சரியாக இருக்கும். விருந்து வைக்கிற வீடென்றால் 10 அங்குலம் வாங்குங்கள், ஆனால் அதைத் தூக்கிக் கழுவ வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.