பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்ற ‘முழு செட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: என் அரை மாதச் சம்பளம் போன விதம்

பணம் திரும்ப வராது என்ற இறுதிப் பதில் இன்று காலைதான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பயன்படுத்திய மின்னணுப் பொருள்களைத் தனியாட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில், வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவதற்கான ‘முழு செட்’ ஒன்றை வாங்கினேன். பழுது பார்த்துத் தயாராக்கிய டெக் (கேசட்டை ஓட்டும் கருவி), அதிலிருந்து வரும் படத்தைக் கணினியில் பதிவதற்கான யு.எஸ்.பி. கேப்சர் கருவி, கேபிள்கள், மென்பொருள் எல்லாம் சேர்த்து என் அரை மாதச் சம்பளம். சந்தையின் பெயரையோ விற்றவரின் பெயரையோ சொல்லப் போவதில்லை. இதே செட் வேறு பெயர்களில் வேறு இடங்களிலும் விற்பனைக்குக் கிடக்கிறது என்பதால், ஏமாற்றிய முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். வாங்குவோருக்கான ஆலோசனைகளையும் முடிவில் தருகிறேன்.

கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு விஎச்எஸ் (வீடுகளில் பரவலாக இருந்த வீடியோ கேசட் வகை) டெக் தயாரிப்பை நிறுத்தியதோடு புதிய டெக் என்பதே இல்லாமல் போனது. கேசட்டில் இருப்பதைக் காப்பாற்ற நினைக்கும் எவரும் பழைய டெக் விற்பவரிடம்தான் போய் நிற்க வேண்டும். நானும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. எஸ்-வீடியோ இணைப்பு உண்மையிலேயே வேலை செய்யுமா, படத்தின் எல்லா வரிகளும் குறையாமல் வருமா, டைம் பேஸ் கரெக்டர் (டிபிசி) இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டேன். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். நாடா ஓடும் வேகத்தில் ஏற்படும் சிறு தள்ளாட்டத்தால் படத்தின் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ தொடங்கும். பழைய டிவி அதைப் பொறுத்துக்கொண்டு காட்டிவிடும்; கேப்சர் கருவியில் உள்ள சிப் அப்படிப் பொறுத்துக்கொள்ளாது. அந்தத் தள்ளாட்டத்தைச் சரிசெய்து அனுப்புவதுதான் டிபிசியின் வேலை.

அவருடைய பதில் இன்னும் என் அலைபேசியில் இருக்கிறது. “சார், ‘பால்’ முறையில் 720க்கு 576, நொடிக்கு 25 படம், 50 ஃபீல்டு, எதுவும் குறையாது. டெக்கிலேயே டிபிசி இருக்கிறது. மஞ்சள் கேபிளை விட்டுவிட்டு எஸ்-வீடியோவில் போடுங்கள், வெளிச்சமும் நிறமும் தனித்தனியாக வரும், படம் சுத்தமாக இருக்கும்.” (‘பால்’ என்பது பழைய டிவி ஒளிபரப்பு முறை; அதில் ஒவ்வொரு படமும் 576 வரிகள், பாதிப் பாதியாக இரண்டு ஃபீல்டுகளில் வரும். மஞ்சள் கேபிளில் வெளிச்சமும் நிறமும் கலந்து வரும்.) இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர் பேசுகிற பேச்சு இது. டிபிசி பொத்தான் தெரியும்படி டெக்கின் முகப்பைப் படம் எடுத்தும் அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்த இரவே பணத்தை அனுப்பினேன்.

வந்து சேர்ந்த டெக்கின் முகப்பில், படத்தில் அந்தப் பொத்தான் இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது. கேட்டதற்கு, இந்த மாடலில் டிபிசி உள்ளேயே தானாக இயங்கும் என்றார். சரி, முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்று, வீட்டில் கேமராவில் எடுத்த ஒரு கேசட்டைப் போட்டேன். எஸ்-வீடியோவில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. மஞ்சள் கேபிளில் நிறம் வந்தது. ஆனால் பதிவு விட்டுவிட்டு எடுக்கப்பட்ட இடங்களிலெல்லாம் திரை நீலமாகிவிடும். ஒலியோ போகப் போகப் பின்தங்கி, கேசட் முடியும் தறுவாயில் உதடு அசைந்து முடிந்த பிறகு சொல் வந்தது. கருவி படங்களைத் தவறவிடுகிறது, ஒலி மட்டும் குறையாமல் பதிவாகிறது, ஆகவே இரண்டும் விலகுகின்றன என்பது சிறிது விவரம் தெரிந்தவருக்குப் புரியும். டிபிசி வேலை செய்கிற டெக் என்றால் இந்த அளவுக்கு ஆகக் கூடாது.

இதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான திறமை வெளிப்பட்டது. முதலில் டிரைவரை, அதாவது கருவியைக் கணினியோடு இயங்க வைக்கும் மென்பொருளை, மாற்றச் சொன்னார். பிறகு யு.எஸ்.பி. ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகச் சொன்னார். பிறகு வேறு போர்ட், பிறகு வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைப்பது, பிறகு வேறு வன்தட்டில் பதிவது. இவை ஒவ்வொன்றும் நியாயமான யோசனை. என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் இதே வரிசையில்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு யோசனையும் நன்றாக ஆறப்போட்ட பிறகே வந்தது. செய்து பார்த்துவிட்டு ஆகவில்லை என்று எழுதினால், “சோதித்துச் சொல்கிறேன் சார்” என்று ஒரு வரி, அதன் பின் மௌனம், அதன் பின் அடுத்த யோசனை. பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு அந்தப் பக்கம் கரைந்துகொண்டே இருந்தது. பழுது நீக்குவதற்கான வழிமுறையையே நேரம் கடத்தும் தந்திரமாக அவர் பயன்படுத்தினார் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த விஷயம். அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவர் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

யோசனைகள் தீர்ந்ததும் பழி தொடங்கியது. கணினி மெதுவானது என்றார். வேறொரு புதிய மடிக்கணினியிலும் அதே நீலத் திரைதான். கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கும் என்றார். அதே டெக்கை நேராக டிவியில் இணைத்தால் அதே கேசட் தடங்கலின்றி ஓடியது. அதாவது கேசட், டெக்கின் ஹெட், மஞ்சள் கேபிள் மூன்றும் சரி, கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது என்று அப்போதே தெளிவாகிவிட்டது. இறுதியாக, கேசட்டில் நகலெடுப்புத் தடை இருக்கிறது, அதனால்தான் கருவி படத்தை மறுக்கிறது என்றார். அந்தத் தடை கடையில் விற்ற திரைப்படக் கேசட்டுகளில் சேர்க்கப்பட்டது. வீட்டுக் கேமராவில் எடுத்த கேசட்டில் அதை யார் போய்ச் சேர்த்தார்கள்? நிலையற்ற சிக்னலைத் தடை என்று தவறாக எண்ணி நின்றுவிடும் கருவிகளும் உண்டு. அப்படியே ஆனாலும் அது கருவியின் குறைதானே என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. கெடு முடிந்த பிறகு வந்த செய்தி, “இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது சார், மன்னிக்கவும்” என்பது.

அதன் பிறகுதான் கேப்சர் கருவியின் மூடியைத் திறந்தேன். எஸ்-வீடியோ சாக்கெட்டில் நான்கு பின்கள் உண்டு: இரண்டு எர்த், ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று நிறத்துக்கு. நிறத்துக்கான பின் பலகையில் எதையும் தொடாமல் நின்றது. அந்த இடத்தில் ஈயம் வைத்த தடமே இல்லை. கறுப்பு வெள்ளைக்குக் காரணம் டிரைவரும் இல்லை, ஹப்பும் இல்லை. இன்னொன்றையும் பார்த்தேன். விஎச்எஸ் படத்தில் ஒற்றை வரிகள் ஒரு ஃபீல்டாகவும் இரட்டை வரிகள் அடுத்த ஃபீல்டாகவும் வருவதால், முழுமையாகப் பதிவான கோப்பில், வேகமாக அசையும் இடத்தில் படத்தை நிறுத்தினால் விளிம்பில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிய வேண்டும். மேடையில் ஆடும் சிறுமி கையை வீசும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். மென்பொருளில் அந்தக் கோடுகளை நீக்கும் வசதியை அணைத்திருந்தும் ஒரு பல்கூட இல்லை. சாய்ந்த கோடுகள் மட்டும் பிசிறு பிசிறாக இருந்தன. கருவி ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதி 288 வரிகளை இழுத்து 576 என்று காட்டுகிறது. ‘எதுவும் குறையாது’ என்று எழுதிக் கொடுத்தவர் பாதிப் படத்தைத்தான் விற்றிருக்கிறார்.

இந்த ஆதாரங்களோடு சந்தையின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். விற்றவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேசியதையெல்லாம் அனுப்பினால், அது சந்தையின் செய்திப் பெட்டிக்கு வெளியே நடந்த உரையாடல், கணக்கில் வராது என்றார்கள். பிறகு, படம் வருகிறதல்லவா, அப்படியானால் பொருள் விவரிப்புக்குப் பொருந்துகிறது என்றார்கள். இன்று காலை வந்த பதிலில், வாங்கியவர் கருவியைத் திறந்துவிட்டதால் புகார் மூடப்படுகிறது என்று இருக்கிறது. கெடு முடிந்த பிறகே திறந்தேன் என்பதைப் படிக்கக்கூட அங்கே ஆள் இல்லை. அரை மாதச் சம்பளம் அத்தோடு முடிந்தது.

ஆலோசனை என்று விரிவாக எழுத இப்போது மனமில்லை, இவற்றையாவது செய்யுங்கள். விற்பவருடனான பேச்சைச் சந்தையின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பொருள் வந்த அன்றே ஒரு கேசட்டை முழுவதுமாக ஓட்டி, கடைசிப் பகுதியில் ஒலி விலகுகிறதா என்றும், அசையும் இடத்தில் அந்தக் கோடுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். ஐந்து நிமிடப் பதிவில் ஒலி விலகுவது தெரியாது. டெக்கை நேராக டிவியில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் கேசட்டைக் குறை சொல்ல விடாதீர்கள். டிபிசி என்றால் பொத்தானையோ மெனுவையோ வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். முதல் கோளாறு தெரிந்ததுமே திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு, அவர் சொல்லும் டிரைவரை அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம் அட்டை வழியாகக் கட்டியது என்பதால் வங்கியிலும் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டபடி, நிறப் பின்னின் படத்தையும் டெக் முகப்பின் இரண்டு படங்களையும் இன்று அனுப்பினேன். பதில் வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன்.