பாலி, மோனோ, டாப்கான்: மூன்று மொட்டை மாடிகளின் எட்டு வருடக் கணக்கு

எங்கள் வீட்டில் சோலார் போட்டு இந்தப் பிப்ரவரியோடு எட்டு வருடம் ஆகிறது. வீடு மதுரை திருநகரில். 2018-ல் போட்டது பாலி பேனல் (பாலிகிரிஸ்டலைன், பழைய ரகம்), 325 வாட்ஸில் பத்து. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா வீட்டில் 2022 தொடக்கத்தில் அதற்கு அடுத்த ரகமான மோனோ பெர்க், அதிலும் செல்களைப் பாதியாக வெட்டிய ஹாஃப் கட் போட்டார்கள், 540 வாட்ஸில் ஆறு. 2024-ல் வில்லாபுரத்தில் புது வீடு கட்டிய என் மச்சினன் அதற்கும் புதிய ரகமான டாப்கான், அதிலும் இரண்டு பக்கமும் வெளிச்சம் வாங்கும் பைஃபேஷியல் போட்டான், 575 வாட்ஸில் ஆறு. மூன்று வீட்டிலும் 3 கிலோவாட் சொச்சம்தான். மூன்றும் பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட்.

எனக்கு ஒரு பழக்கம். மாதம் பிறந்தால் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பேனல் கரண்டை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் ரீடிங்கைக் குறித்து, கம்பியில் குத்தி வைப்பேன். அக்காவும் மச்சினனும் போனில் ஆப் பார்த்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2025-ல் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை என் பாலி கொடுத்தது 4,450 யூனிட். அக்கா வீட்டு மோனோ 4,750. மச்சினனின் டாப்கான் 5,250. மொத்தத்தை அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது, மூன்றின் அளவும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது. ஒரு கிலோவாட்டுக்கு என்று பிரித்தால் எனக்கு 1,369, அக்காவுக்கு 1,466, மச்சினனுக்கு 1,522. எனக்கும் மச்சினனுக்கும் 11 சதவீத வித்தியாசம். அதில் பாதிக்கு மேல் என் பேனலின் வயசு. பாலி முதல் வருடம் இரண்டு, இரண்டரை சதவீதம் இறங்கும், அப்புறம் வருடத்துக்கு முக்கால் சதவீதம் வரை தேயும். வாரண்டித் தாளிலேயே 25 வருடம் கழித்து 80 சதவீதம்தான் என்று ஒத்துக்கொண்டுதான் விற்கிறார்கள்.

இதைச் சொன்னால் டாப்கான் வாங்கிய யாருக்கும் பிடிப்பதில்லை. 22 சதவீத எஃபிஷியன்சி, உங்களுடையது 17 கூட இல்லையே, அப்படியானால் உங்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் வர வேண்டாமா என்று மச்சினனே கேட்டான். கடைக்காரர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். எஃபிஷியன்சி என்பது இடக் கணக்கு, பேனல் பரப்பில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் கரண்ட் ஆகிறது என்பது. 325 வாட்ஸ் பாலி பேனல் ஒன்று கிட்டத்தட்ட 21 சதுர அடி. 575 டாப்கான் 28 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக என் பத்துப் பேனலுக்கு 210 சதுர அடி போனது, அவனுக்கு 167. மாடியில் அவன் 40 சதுர அடி மிச்சம் பிடித்தான், அவ்வளவுதான். கிலோவாட் என்று சொல்லி வாங்கிவிட்டால் அந்தக் கிலோவாட்டை எல்லாப் பேனலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கொடுக்கும். மாடி சின்னது, டேங்க்கும் மாடிப்படி ஹெட்ரூமும் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அந்த 40 அடி பெரிய விஷயம். எங்கள் அம்மாவைக் கேட்டால் வீட்டிலேயே அதுதான் பெரிய விஷயம். வடகம் காயப்போடும் இடம் போய்விட்டது என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மிச்ச வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், முக்கியமாகச் சூட்டில். வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்று நானும் நினைத்திருந்தேன். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. பின்னால் ஒட்டியிருக்கும் 325 வாட்ஸ் என்ற லேபிள், பேனலுக்குள் வெளிச்சத்தைக் கரண்டாக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த கணக்கு. மதுரை மே மாத மதியத்தில் செல் 65-ஐத் தொடும். பாலிக்கு ஒரு டிகிரி ஏறினால் 0.4 சதவீதம் குறையும், மோனோ பெர்க்குக்கு 0.35, டாப்கானுக்கு 0.3. நாற்பது டிகிரிக்குப் பெருக்கினால் எனக்கு 16 சதவீதம் போகிறது, அவனுக்கு 12. என் இன்வெர்ட்டரில் மே மாதம் ஒரு மணிக்கு 2.4 கிலோவாட் தாண்டிப் பார்த்ததே இல்லை. மழை பெய்து வானம் கழுவிவிட்டது மாதிரி இருக்கும் பிப்ரவரி நாளில் 2.8 வந்திருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் மீட்டர் பறக்கும் என்று காத்திருந்தவன் நான்.

இனி நான் ஏமாந்த கதை. 2022 ஜூனில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அக்கா போன் பண்ணி, "தம்பி, இப்ப 1.3 காட்டுதுடா, உனக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தால் எனக்கு 0.85. பாலி அப்படித்தான், பழசு என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் மதியம் கேட்டபோது இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மனசு கேட்காமல் மறுநாள் காலை மாடிக்குப் போனேன். ஹெட்ரூமுக்கு மேல் நிற்கும் சிண்டெக்ஸ் டேங்க்கின் நிழல் மூன்று பேனல்களின் மேல் சாய்வாகப் படுத்திருந்தது.

நான்கு வருடமாக அது எப்படி என் கண்ணில் படவில்லை? காரணம் இருக்கிறது. போடுவதற்கு முன் ஆள் வந்து இடம் பார்த்தது ஜனவரியில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போகும், நிழல் வடக்கே விழும். எங்கள் ஹெட்ரூம் மாடியின் வடகிழக்கு மூலையில், அதனால் பேனல் பக்கம் நிழலே இல்லை. மதுரை இருக்கும் 10 டிகிரி அட்சரேகையில் ஏப்ரல் பாதிக்கு மேல் சூரியன் தலைக்கு மேல் வந்து வடக்கே தாண்டிவிடும், ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்பும். அந்த நாலு மாதமும் காலையில் வடகிழக்கிலிருந்து வெயில். டேங்க் நிழல் நீண்டு தென்மேற்கே, நேராகப் பேனல் மேல். பத்துப் பேனலும் ஒரே வரிசையாகக் கோத்த ஸ்ட்ரிங். ஒவ்வொரு பேனலும் மூன்று பகுதி, ஒரு பகுதியில் நிழல் விழுந்தால் அந்தப் பகுதியை டையோடு ஓரங்கட்டிவிடும். சாய்ந்த நிழல் மூன்று பகுதியையும் தொட்டால் அந்தப் பேனல் அந்த நேரத்துக்கு இல்லாத மாதிரிதான்.

மூன்று பேனலையும் கழற்றி மேற்குக் கோடிக்கு மாற்ற இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. 2019-ல், முதல் முழு வருடத்தில், எனக்கு வந்தது 4,510 யூனிட். 2023-ல் 4,560. புதுசாக இருந்ததைவிட ஐந்து வயது ஆனபின் அதிகம். பாலியா மோனோவா என்று ஆறு மாதம் ஆராய்ந்தவன், டேங்க் எங்கே நிற்கிறது என்று ஒரு நாள் ஆராயவில்லை. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, மாடியில் ஜூன் காலையிலும் டிசம்பர் மாலையிலும் நிழல் எங்கே விழும் என்று பாருங்கள். இப்போது சூரியன் போகும் பாதையை மாதவாரியாகக் காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அக்கா வீட்டில் நிழல் இல்லாமல் இல்லை. சாயந்திரம் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச்சுவரின் நிழல் பேனலின் அடி விளிம்பில் ஏறும். ஆனால் ஹாஃப் கட்டில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனி. கீழே நிழல் வந்தாலும் மேல் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். மோனோவில் எனக்குப் பிடித்தது அந்த 0.05 சதவீதமெல்லாம் இல்லை, இதுதான்.

மச்சினன் விஷயம் வேறு. அவன் டாப்கான் எடுத்தபோது வீட்டு சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்துவிட்டது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தமாக 78,000 மானியம். ஆனால் மானியம் வேண்டும் என்றால் பேனல் மட்டுமில்லாமல் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டிசிஆர் பேனல் என்பார்கள். அவன் விசாரித்த இடங்களில் அப்போது டிசிஆரில் கிடைத்தது மோனோ பெர்க்தான். டாப்கான் வேண்டும் என்றால் மானியம் கிடையாது. இவன் டாப்கானைத் தேர்ந்தெடுத்தான். லேட்டஸ்ட் டெக்னாலஜியாம்.

சரி, கணக்குப் பார்ப்போம். கையில் வந்த இரண்டு கொட்டேஷனில் டிசிஆர் 30,000 ரூபாய் கூடுதல். 78,000-ல் அதைக் கழித்தால் விட்டது 48,000. அக்காவின் மோனோவைவிட அவனுக்குக் கிலோவாட்டுக்கு 56 யூனிட் அதிகம், மொத்தம் வருடத்துக்கு 190 சொச்சம். யூனிட்டை 8 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 1,500 ரூபாய். விட்ட 48,000 திரும்பி வர முப்பது வருடத்துக்கு மேல். அவன் பேனலுக்கு வாரண்டியே 30 வருடம்தான். இதை அவனிடம் காட்டினேன். "இருக்கட்டும் மாமா, போட்டாச்சு" என்றான். இத்தனைக்கும் அவன் மாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ், எட்டு அடி உயர ஸ்ட்ரக்சர். பைஃபேஷியல் பின்பக்கம் வாங்கும் வெளிச்சத்துக்கு இதைவிட நல்ல மாடி கிடையாது. என் மாடி மாதிரி சிவப்புத் தட்டோடு பதித்து, பேனலை ஒரு அடி உயரத்தில் வைத்தால் பின்பக்கம் பெயருக்குத்தான்.

எட்டு அடி ஸ்ட்ரக்சரில் ஒரு நன்மை, கீழே துணி காயப்போடலாம். செலவு கூடும், காற்றையும் தாங்க வேண்டும். வெட்டி வெல்டிங் செய்த இடங்களைப் பாருங்கள். கால்வனைஸ் செய்த இரும்பு பத்து வருடம் நிற்கும், சைட்டில் வெட்டி வெள்ளி பெயின்ட் அடித்த இடம் மூன்றாவது மழையில் துருப்பிடிக்கும். என்னுடையதில் பிடித்தது.

கழுவுகிற விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். முதல் இரண்டு வருடம் போர் தண்ணீரை அப்படியே பைப்பில் பிடித்து அடித்தேன். எங்கள் பகுதித் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் கண்ணாடியில் வட்ட வட்டமாக வெள்ளைப் படிவம், துணியால் தேய்த்தால் போகாது. வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்து எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. இப்போது மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன், தீர்ந்தால் மாநகராட்சித் தண்ணீர். வெயில் ஏறும் முன், ஆறு மணிக்குள். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். தூசியைவிடத் தொல்லை மயில். திருப்பரங்குன்றம் மலை பக்கத்தில்தான், கூட்டமாக வந்து பேனல் மேல் நடந்து எச்சமிட்டுப் போகும். அந்த ஊரில் மயிலை விரட்டினால் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னை விரட்டுவார்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பதைப் போடும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் பவர் கட்டில் அம்மா, "இத்தனை வெயில் அடிக்குது, இத்தனை பலகை இருக்குது, ஒரு ஃபேன் ஓடாதா?" என்று கேட்டார். ஓடாது. நம் கரண்ட் லைனில் ஏறினால் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் போகும், அதனால் இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்ளும். பேட்டரி வைத்த ஹைப்ரிட் என்றால் ஓடும், செலவு வேறு.

இன்வெர்ட்டர் ஆறாவது வருடம் போனது. வாரண்டி ஐந்து. மாற்ற 32,000. போட்டுக்கொடுத்தவர்களின் போன் நம்பர் அதற்கு முன்பே உபயோகத்தில் இல்லை. 25 வருட வாரண்டித் தாளை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதனால்தான் எந்தக் கம்பெனி பேனல், வாரீயா டாட்டாவா அதானியா என்று கேட்பவர்களிடம் போட்டுக்கொடுப்பவர் உள்ளூரில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று திருப்பிக் கேட்கிறேன்.

காசு விஷயம் சுருக்கமாக. முன்பு இரண்டு மாதத்துக்கு 900 யூனிட், பில் நாலாயிரத்துச் சொச்சம். இப்போது லைனிலிருந்து எடுத்ததில் நாம் லைனுக்குக் கொடுத்ததைக் கழிக்கும் நெட் மீட்டரில் பில்லுக்கு வருவது 150, 200 யூனிட். அதில் 100 இலவசம். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறி, 500-ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாயில் தொடங்கியபோது தெருவே புலம்பியது, எங்கள் வீட்டில் சத்தமில்லை. சோலார் முதலில் தின்பது அந்த மேல்படி யூனிட்டைத்தான். ஆகவே இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டே செலவழிக்கும் வீடு என்றால் எந்தப் பேனலும் அவசரமில்லை.

இப்போது என் பிரச்சினை வேறு. 2023 தீபாவளியில் எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒரு பேனலின் கண்ணாடியைச் சிலந்தி வலை மாதிரி ஆக்கிவிட்டது. மாற்றலாம் என்று கடை கடையாக ஏறினால் 325 பாலி யாரிடமும் இல்லை. புது 540-ஐ நடுவில் கோக்க முடியாது. அது 13 ஆம்பியர் பேனல், என்னுடையது 8.7. ஒரே வரிசையில் எல்லாம் குறைந்ததற்குத்தான் இறங்கும், அளவும் ஸ்ட்ரக்சரில் உட்காராது. கடைசியில் விருதுநகர் பக்கம் வீட்டை இடித்துக் கட்டுகிற ஒருவரிடம் பழைய பாலி இருப்பதாக அறிந்து, மினி லாரி பிடித்துப் போய் மூன்று வாங்கி வந்தேன். ஒன்றை மாட்டினேன். மற்ற இரண்டும் அடுத்த ராக்கெட்டுக்காக மாடிப்படிக்கு அடியில், கோணிச் சாக்கு போர்த்தி நிற்கின்றன.